தேசத்தை விட்டு யாரும் போகக் கூடாது, ஆண்டவரே

1

முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவி வாய் திறந்து பேசுவதற்கு என்ன விலை? ஒரு டஜன் சட்டைப் பட்டனில் தள்ளிக் கொடுத்த சில்லறை. பட்டன்கடைக்காரர் அதைக்கூட விட மனசில்லாமல் அந்தப் பேச்சை இழந்தார். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சரக்கை மூடி வைத்து விற்பது எனக்குப் பிடிக்காது.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். என் சட்டை ஏன் இன்னும் தயாராகவில்லை என்று தையல்காரரிடம் கேட்டேன். அவர் சொன்ன சாக்குதான் இது. சட்டை இன்னும் வந்தபாடில்லை. கதையாவது வந்ததே என்று எடுத்துக்கொண்டேன்.

(தையல்காரர் அளவு எடுப்பதில் கொஞ்சம் முன்னே பின்னே. கதையிலும் அப்படி இருக்கலாம். தொளதொளவென்று தொங்கிய இடங்களை நான் பிடித்துத் தைத்திருக்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தேசம் என்பது வெறும் மண் அல்ல, அது மக்களின்—'

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிற எதையும் நானே இரண்டாவது வரிக்கு மேல் படித்ததில்லை.

அடுத்து: 'இருள் சூழ்ந்த அந்த மாலையில் இரண்டு உள்ளங்கள்—'

வேண்டாம். கடையில் டியூப்லைட் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். தையல்காரர் ஒரு டஜன் பட்டன் கேட்டார். கல்லாவில் இருந்த மனைவி, வாடிக்கைக்காரர் ஆயிற்றே என்று கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாள். ஏணி மேல் நின்று நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"முப்பது வருஷமா இவளுக்கு வியாபாரமே வரல. இவளை நம்பிக் கடையை விட்டா, கதவையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துடுவா!"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். (தான் சிரிக்கவில்லை என்கிறார் தையல்காரர். சிரித்திருப்பார்.) மனைவி கல்லாச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. பெட்டியும் கட்டியாயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மத்தியான பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் பயணம் என்று தன் நாத்தனாரிடம் சொன்னாள். திரும்பி எப்போது என்று நாத்தனார் கேட்டதும், பெட்டியை மறுபடி திறந்து இன்னும் நாலு புடவை எடுத்து வைத்தாள்.

கடைக்காரர் "போகாதே" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இன்னொன்றுதான் அவர் கடையில் இல்லாத சரக்கு.

3

ஆனால் அந்த வீட்டில் சாயங்காலமானால் குடும்ப ஜெபம் உண்டு. பூகம்பமே வந்தாலும் உண்டு. கடைசியில் தேசத்துக்காகவும் அதன் ஜனங்களுக்காகவும் ஆளுக்கொரு ஜெபம். ஒருவர் ஜெபிக்கையில் மற்றவர் குறுக்கே பேச முடியாது, எழுந்து போக முடியாது, காதைப் பொத்த முடியாது. சண்டைக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

"ஆண்டவரே," என்று ஆரம்பித்தார் கடைக்காரர், "இந்த தேசத்துல, ஒரு சின்ன வார்த்தைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிற ஜனங்களுக்காக மன்றாடுறேன்."

"ஆமென்!" என்றாள் அவருடைய தங்கை. மேலே சொன்ன நாத்தனார். அவர்களோடுதான் இருக்கிறாள். யார் என்ன கேட்டாலும் ஆமென் போடுவதால் தெருவுக்கே அவள் ஆமென் அத்தை.

"ஆண்டவரே," என்றாள் மனைவி, "ஏணி மேல நின்னுக்கிட்டு இந்த தேசத்தை ஆளுறவங்களைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடும்."

"ஆமென், ஆமென்!"

"நிதி மந்திரிங்க கஜானாவை வாரி இறைக்காதபடி அவங்க கையைக் காத்துக்கொள்ளும்."

"பிரதம மந்திரிங்க வாயைக் காத்துக்கொள்ளும் கர்த்தாவே. கை தானா நல்லாயிடும்."

இரண்டு பக்கமும் ஆமென் சொல்லி அத்தைக்கு மூச்சு வாங்கியது.

(இந்த அத்தையைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம். இவள் வெகுளியா, காரியக்காரியா? தையல்காரரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். வெகுளி என்றால் சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே வெகுளி என்றே வைத்துக்கொள்கிறேன்.)

வெகுளித்தனமாக அவள் போதகரிடம் போய்ச் சொன்னாள்: "ஐயா, எங்க அண்ணனும் அண்ணியும் தேசத்துக்காகப் பண்ற ஜெபம் இருக்கே, அனல் பறக்குது! அண்ணிக்குக் கண்ணுல தண்ணி நிக்கிறதே இல்ல."

போதகர் நல்ல மனுஷர், நம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேசத்துக்கான ஜெப நாள்; இருவரும் குடும்பமாக முன்னால் நின்று நடத்துவார்கள் என்று அறிவித்தும் விட்டார். வேண்டாம் என்று மறுப்பதானால் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் கலந்து பேச வேண்டும். அதற்குத்தான் வழியில்லையே.

4

சபை நிறைந்திருந்தது. இருவருக்கும் ஒரே மைக். கடைக்காரர் வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்: மழை, விவசாயம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லை. மழைக்கு ஆமென் வந்தது. விவசாயத்துக்கும் வந்தது. அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். (ஜெபத்தில் திறக்கக் கூடாது. ஆனால் கடையில் ஆள் இருக்கும்போது எந்த வியாபாரி இரண்டு கண்ணையும் மூடியிருக்கிறான்?) கடைசி பெஞ்சு ஓரமாக மனைவி கட்டி வைத்த சிவப்புப் பெட்டி நின்றிருந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மறந்து போயின.

"ஆண்டவரே! இந்த தேசத்தை விட்டு யாரும் போகக் கூடாது! ஒருத்தர்கூடப் போகக் கூடாது, ஆண்டவரே!"

ஆமென் வரவில்லை. அத்தைகூட வாயைத் திறக்கவில்லை. அந்தச் சபையில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். மீதிப் பேர் மனுப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து நர்ஸ் ஒருத்தி எழுந்தாள். "தப்பா நினைக்காதீங்க அங்கிள். செவ்வாய்க்கிழமை எனக்கு விசா இன்டர்வியூ. இதுக்கு மட்டும் நான் ஆமென் சொல்ல முடியாது."

"சும்மா சொல்லும்மா, எல்லா ஜெபமுமா கேட்கப்படுது?" என்றார் அதே சபைக்காரரான நம் தையல்காரர்.

"கேட்கப்பட்டுட்டா?"

போதகர் திரும்பித் தையல்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

"போனவங்க நல்லபடியா திரும்பி வரணும்னு மாத்திக்கலாமே," என்றது ஒரு குரல்.

"திரும்பியெல்லாம் வர வேண்டாம், வாரத்துக்கு ஒரு போன் பண்ணினாப் போதும்," என்றார் பேக்கரிக்காரர். மகன் கடல் தாண்டி இருக்கிறான்.

"'பெரும்பாலானோர்' போகக் கூடாதுன்னு போட்டுட்டா யாருக்கும் பாதகமில்ல," என்றார் கணக்கு வாத்தியார்.

ஜெபத்துக்கு பேரம் நடக்கிறது. கடைக்காரர் மைக்கைப் பிடித்தபடி திருதிருவென்று விழிக்கிறார். இந்த இடத்தில் கரண்டை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். மாட்டிக்கொண்ட ஆளை வெளியே இழுக்க எழுதுகிறவனுக்கு அது ரொம்பத் தோது. அதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

"வேலைக்குப் போறவங்க போகட்டும், படிக்கப் போறவங்களும் போகட்டும். கோவிச்சுக்கிட்டுப் போறவங்க மட்டும் போகக் கூடாதுன்னு கேளேன், அண்ணே. அதைத்தானே கேக்க வந்தே?"

என்னைக் கேட்காமலே எழுந்தவள் இவள். (மூன்றாம் பகுதியில் 'வெகுளித்தனமாக' என்று எழுதியிருக்கிறேன். தயவுசெய்து நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

நர்ஸ் "இதுக்கு ஆமென்," என்று உட்கார்ந்தாள். சபை மொத்தமும் ஆமென் என்றது.

மனைவி கையை நீட்டி மைக்கை வாங்கினாள்.

"ஆண்டவரே, கோவிச்சுக்கிட்டுப் போறவங்களைத் தடுக்கிற வேலையையும் உம்ம தலையில கட்டுறாங்க. உமக்கு மழை இருக்கு, வியாதி இருக்கு, சண்டை போடுற ராஜாக்கள் இருக்காங்க. அதைப் பாரும். இந்த தேசத்துல, நாலு பேர் முன்னால தப்பாப் பேசினவங்க அதே மாதிரி நாலு பேர் முன்னால ஒத்துக்கிற தைரியத்தை மட்டும் கொடும். நாட்டை ஆளுறவங்களுக்கும் கொடும், கடையை ஆளுறவங்களுக்கும் கொடும். மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

கூரை அதிர்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து வந்த ஆமென் அடங்க வெகு நேரமானது. ஒரு தேசத்துக்காகக் கேட்க இதைவிட வேறு என்ன இருக்கிறது? வேடிக்கையாக எழுத உட்கார்ந்த எனக்கே இந்த இடத்தில் பேனா நின்றது.

அவள் மைக்கைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

5

முடிவு, ஒரு மாதிரி: அவர் மன்னிப்புக் கேட்கிறார், அவள் கண்ணைத் துடைக்கிறாள், போதகர் பாட்டைத் தொடங்குகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயுசு முழுக்க பேரம் பேசிய மனுஷர் முதல் விலைக்கே படிந்துவிடுவாரா?

வேறு மாதிரி: உதவி செய்கிறேன் பேர்வழி என்று யாரோ பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட, பெட்டி மட்டும் அக்கா வீட்டுக்குப் போகிறது. சிரிப்பு நிச்சயம். ஆனால் பேச வேண்டிய வாய் அந்தக் கலாட்டாவில் தப்பித்துவிடும்.

சரி, உண்மையில் என்னதான் நடந்தது என்று தையல்காரரிடமே கேட்டேன். அதுவரை எல்லாவற்றையும் பார்த்தவர், "ஜெபத்துல யாராவது கண்ணைத் திறப்பாங்களா?" என்றார்.

"காது?" என்றேன்.

"என்ன சொல்றீங்க? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்று பெடலை மிதித்தார்.

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சபை கண்ணை மூடிக் காத்திருக்கிறது. கடைக்காரர் இரண்டு கண்ணையும் திறந்து அவளைப் பார்க்கிறார். 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தால் இன்னும் ஒரு ஞாயிறு ஓட்டிவிடலாம். 'ஏம்மா' என்று ஆரம்பித்தால் நேரே அவளிடம்தான் போய்ச் சேரும். மூச்சை இழுத்துவிட்டார், மைக்கில் அது கேட்டது.

கணக்கை முடிக்கிறேன். தொடக்கம் இரண்டு, கழிவில் போனது. முடிவு இரண்டு, சரக்கு சரியில்லை, திருப்பி அனுப்பியாயிற்று. ஆமென், தாராளமாக வரவு. பாக்கி, ஒரே ஒரு வாக்கியம், பட்டன்கடைக்காரர் பேரில். அவரை எங்கே பார்த்தாலும் நீங்கள் வசூல் செய்யலாம். கையோடு அவர் மனைவியிடம் சேர்த்துவிட வேண்டும். கமிஷன் கிடையாது.