பெயர் எழுதாத சிலுவை

பெண்ணாகவே பிறக்கட்டும் மாதாவே என்று கிறிஸ்டினா வேண்டிக்கொண்டதில் பெண் குழந்தை ஆசை ஒன்றும் இல்லை. எல்லாம் பயம். ஏழாம் மாதம் நடக்கிறது. ஸ்கேன் எடுப்பவர் வாயைத் திறக்கமாட்டார், சட்டம் அப்படி. பையனாகப் பிறந்துவிட்டால் லூசியன் என்று பெயர் வைத்துவிடுவார்களே! அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறான். போன வருஷம் பிறந்து, இரண்டே நாள் இருந்துவிட்டுப் போனவன். தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறான்.

எல்லாம் அவள் புருஷன் ஜெரோமுக்குப் பிடித்த பூர்வீகப் பைத்தியத்தால் வந்த வினை. மற்றபடி நல்லவன்தான். பெருங்களத்தூர் ஃப்ளாட்டில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து, புதுச்சேரி முன்னோர்களைத் தோண்டாத நாளில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவன் பாட்டனுக்குப் பாட்டன் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, தெலாரோஷ் என்று குடும்பப் பெயர் வாங்கிக்கொண்டாராம். மூத்த பையனுக்கு முன்னோர் பெயர்தானாம். அவன் செத்துப்போனால் அதே பெயரை அடுத்த பையனுக்கு வைப்பார்களாம். அதற்காகவே செத்த பிள்ளையின் சிலுவையில் பெயர் எழுதமாட்டார்களாம். எழுதினால் பெயர் மண்ணோடு போய்விடுமாம். லூசியனின் சிலுவை இத்தனை நாளும் வெறுமனே நின்றது ஏன் என்று கிறிஸ்டினாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நம்ம பையனே திரும்பி வந்த மாதிரி இருக்கும் கிறிஸ்டி. பேராவது பொழைக்கட்டுமே" என்பான். சொல்லும்போதே அவன் கண் கலங்கும். திட்டவும் முடியாது.

ஆனால் புதியவனை லூசியன் என்று கூப்பிட்டுச் சோறூட்டி, ஸ்கூலுக்கு அனுப்பினால், அந்த இரண்டு நாள் பிள்ளை எங்கே போவான்? மாமியார் அமலராணியிடம் சொல்லவும் தைரியமில்லை. ரிட்டயர்டு டீச்சர், அளந்துதான் பேசுவாள். பெயர்ப் பேச்சு வந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். மகன் பக்கம்தான் என்று கிறிஸ்டினா முடிவு கட்டியிருந்தாள்.

கல்லறைத் திருநாளன்று மூவரும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனார்கள். தோட்டம் முழுக்க ஜனம். பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள் மங்கிப்போன எழுத்துகளுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டே வந்தார். சின்னச் சிலுவை முன்னால் நின்றார்.

"இன்னா சார், பேரே காணோம்? எய்திரட்டா?"

"வேணாம்ணா" என்றான் ஜெரோம்.

கிறிஸ்டினா ஓரடி முன்னால் வந்தாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான்.

"எழுதுங்கண்ணா!" கத்தியே விட்டாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வயித்துல இருக்கறதுக்கு வேற பேரு வெச்சுக்கலாம் ஜெரோம். இது இவன் பேரு."

"கிறிஸ்டி, குடும்ப வழக்கம்னு ஒண்ணு..."

"உனக்கு முன்னாடி ஒரு ஜெரோம் இருந்தான்டா" என்றாள் அமலராணி.

ஜெரோம் அம்மா பக்கம் திரும்பினான். புதுச்சேரி வரைக்கும் போய்த் தோண்டியவன், சொந்த வீட்டில் தோண்டவில்லை!

"நாலு மாசக் குழந்தை. உங்கப்பா சிலுவையில பேரு போட விடலை. அப்புறம் நீ பொறந்தே. ஜெரோம்னு கூப்பிட்டா நீதான் ஓடி வருவே. அவனைக் கூப்பிட எனக்குப் பேரே இல்லாம போச்சு."

"இப்ப எங்கம்மா இருக்கான்?"

"இதே தோட்டம்தான். பேரில்லாத குழி, மேல வேற யாரையோ வெச்சுட்டாங்க. வருஷா வருஷம் எந்தப் பக்கம் மெழுகுவர்த்தி ஏத்தறதுன்னு தெரியாம நிக்கறேன்டா."

ஜெரோம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெயிண்டர் இன்னும் பிரஷும் கையுமாக நின்றார்.

"எழுதுங்கண்ணா. லூசியன்" என்றான் ஜெரோம்.

கிறிஸ்டினா மெழுகுவர்த்திப் பொட்டலத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். எழுதி முடிந்ததும் ஜெரோம் கேட்டான், "கீழ இடம் இருக்கா? இன்னொரு பேரு. ஜெரோம்."

"அது யாரு சார்?"

"எங்கண்ணன்."

ஈரம் காய்வதற்குள் அமலராணி சிலுவையடியில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள்.

"ஜெரோம்" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்று அவன் குனிந்தான்.

"உன்னை இல்லடா."