நன்றியுரை: ஜனாப் நூர் அகமது

தோல் வியாபாரி நூர் அகமது கடைசியாக ஒரு வாக்கியத்தைச் சொந்தமாகப் பேசி முடித்தது கல்யாணத்துக்கு முன்னால் இருக்கலாம். பேகம்பூர் வீட்டில் அவர், "நாளைக்கு நான்..." என்று வாயெடுத்தால் போதும்.

"மதுரைக்குப் போகணும்பீங்க," என்பாள் மனைவி நஸீரா.

"போனா வெறுங்கையோட வருவாரு," என்று முடித்து வைப்பார் மாமியார் காதர் பீவி.

அப்பேர்ப்பட்டவருக்குத் தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ரெக்கார்டு பிளேயரும் ஜாஸ் பியானோ இசைத்தட்டு ஒன்றும் பரிசளித்துவிட்டுப் போனார். பாட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு மனுஷன், ஒரு பியானோ. எதையோ ஆரம்பிக்கிறான், யோசிக்கிறான், லேசாக முனகுகிறான், வேறு பக்கம் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறான். குறுக்கே ஒரு ஆள் பேசவில்லை! மாடி அறையில் உட்கார்ந்து கேட்ட நூர் அகமதுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாஸ் புரிந்ததா என்றால் அதெல்லாம் இல்லை. ஒருத்தனை முடிக்கும்வரை விடுகிறார்களே, அதுதான்.

தேடிப் பிடித்து இரண்டாவது தட்டு ஒன்று வரவழைத்தார். தட்டு வந்த அன்றே ஓய்வுபெற்ற பேராசிரியர் கிளெமென்ட்டும் வந்து சேர்ந்தார்.

"தனிப் பியானோங்கிறது தனிமையோட கலை, பாய்! அதைப் போய்த் தனியாக் கேக்கலாமா? உடனே ஒரு பேரவை ஆரம்பிக்கணும்."

"சார், ஒரே ஒரு தடவை நான்..."

"கேப்பீங்க! மேடையிலேயே ஒக்காந்து கேப்பீங்க. அதுவரைக்கும் யாரும் உறையப் பிரிக்கக் கூடாது."

பிளேயரும் தட்டும் பேராசிரியரின் காரில் ஏறிப் போய்விட்டன.

திண்டுக்கல் மாவட்டத் தனிப் பியானோ ஜாஸ் ரசிகர் பேரவையின் தொடக்க விழா ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. வாசல் ஃபிளெக்ஸில் பொறுப்பாளர்கள் எல்லோருடைய முகமும் இருந்தது. பியானோவுக்கு இடம் போதவில்லை. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஆளாளுக்குப் பங்கு பிரித்ததில் ஒருவரும் சீந்தாத நன்றியுரை நூர் அகமதுக்கு வந்தது. மேடையில் இருந்த ரெக்கார்டு பிளேயருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

பேரவைச் செயலாளர் பிராங்க்ளின் வரவேற்றார். வந்தவர்களை வரவேற்று முடித்து, வராதவர்களையும் வரவேற்றார். பிரியாணிக் கடை ரஃபி வாழ்த்துரையில், "தனிப் பியானோங்கிறது குஸ்கா மாதிரி. கறி இல்லாமலே மணக்கணும்," என்றார். அன்றைக்கு இசையைப் பற்றிப் பேசப்பட்டது அது ஒன்றுதான். அடுத்து வந்த கிளெமென்ட், மௌனத்தின் மேன்மை குறித்து முக்கால் மணி நேரம் முழங்கினார்.

நூர் அகமது பொன்னாடைக்குள் இருந்த பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரமின்மை காரணமாக இசைத்தட்டு அடுத்த கூட்டத்தில் ஒலிக்கும்," என்றார் கிளெமென்ட். "இறுதியாக, நன்றியுரை..."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் மண்டபமே எழுந்தது. கீழே பந்தி போட்டிருந்தார்கள். நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு படியிறங்கிய கூட்டத்தில் முதல் ஆள், கக்கத்தில் நாலு பொன்னாடைகளோடு பேராசிரியர்.

நூர் அகமது மைக் முன்னால் வந்து, "அனைவருக்கும்..." என்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தில் நிறுத்தினார். முடித்து வைக்க யாரும் இல்லை. மைக்செட் சடையாண்டி மட்டும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

அவர் பொன்னாடையை உருவினார். உறையைக் கிழித்தார். தட்டில் முள்ளை வைத்து, மைக்கை அதன் பக்கம் திருப்பிவிட்டு, தலைவரின் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பியானோ மெதுவாக ஆரம்பித்தது. யோசித்தது. முனகியது.

சடையாண்டியின் செல்போன் அதிர்ந்தது. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினான்.

"இல்லண்ணே, இப்பக் கழட்ட முடியாது. யாரோ ஒருத்தரு நன்றி சொல்லிட்டு இருக்காரு... தெரியலண்ணே, வெளியூருக்காரரு போல. ரொம்ப யோசிச்சு யோசிச்சுச் சொல்றாரு... எப்புடிண்ணே பாதியில நிறுத்தச் சொல்றது? மனுசன் முடிக்கட்டும்ணே."