மியூசியத்தில் பூக்கேட்டது

சிட்டிபாபு மாமா ஏலத்தில் எடுத்த பட்டாளத்து லாரிக்குள் ஒரு வீடே இருந்தது. இரண்டு பக்கமும் படுக்கப் பலகை, நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு, மூலையில் தண்ணீர் டிரம், ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி. ஒரே குறை, பின்னாலிருந்து ஆள் தள்ளாமல் அது கிளம்பாது. அதனால்தான் என்னையும் திருப்பதிக்குக் கூட்டிப் போனார்கள். ரோட்டுக்குக் கல் உடைக்கிறவன் நான். தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போனாலும், உள்ளே தாட்சாயணி இருக்கிறாள் என்றால் வலி தெரியாது.

திருத்தணி ரோட்டு வேலைக்கு வந்த இடத்தில் பழக்கம். கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன், அவளுக்குச் சம்மதம். அவள் அம்மா பொன்னியம்மாளுக்குத்தான் எல்லைத் தகராறு. அவர்கள் ஊர் திருத்தணிப் பக்கம், அப்போது ஆந்திராவில் இருந்தது. எங்கள் ஊர் சத்தியவேட்டுப் பக்கம், மெட்ராஸில் இருந்தது. அடுத்த வருஷம் அவர்கள் மெட்ராஸுக்கு வருகிறார்கள், நாங்கள் ஆந்திராவுக்குப் போகிறோம் என்று பேச்சு முடிந்துவிட்டது. இடம் மாறியும் இரண்டு பேரும் ஒரே பக்கம் இல்லை.

"மெட்ராஸ் வேணும்னு ரயில் முன்னாடி படுத்தவடா நான்," என்றாள் பொன்னியம்மாள், லாரி குலுங்கக் குலுங்க. "அது கெடைக்கற நேரத்துல பொண்ண ஆந்திராவுக்கு அனுப்பச் சொல்றியா?"

"கோடு நானா போட்டேன் அத்தை?"

"இன்னும் நான் உனக்கு அத்தை ஆவல, கங்கையா."

மறுநாள் திருவாலங்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வருகிறார்கள். சிட்டிபாபு மாமா, அக்கா மகளுக்காகத் தானே பார்த்த இடம். அதற்குமுன் திருப்பதி கங்கம்மாவிடம் பூக்கேட்டுவிடுவது என்று பொன்னியம்மாள் தீர்த்துவிட்டாள். அம்மன் வலது தோளில் வெள்ளைப் பூ, இடது தோளில் சிவப்புப் பூ. வெள்ளை முதலில் விழுந்தால் நான். சிவப்பு விழுந்தால் திருவாலங்காடு.

புத்தூர் தாண்டும்போதே வானம் கறுத்தது. ரேணிகுண்டாவில் புயல்காற்று பிடித்துக்கொண்டது. லாரி ஒரு பக்கம் சாய, அடுப்பு மறுபக்கம் ஓட, குழம்புச்சட்டி பொன்னியம்மாள் மடியில் வந்து உட்கார்ந்தது. தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்ததில் விக்கல் எடுத்தது.

திருப்பதிக்குள் தெருவே ஆறாக ஓடியது. ஒரு மியூசியத்துக்கு எதிரே லாரி நின்றே போனது. முழங்கால் தண்ணீரில் தள்ளினேன். லாரி நகரவில்லை, நான்தான் மிதந்தேன். கோயிலுக்குப் போக வழியில்லை. லாரிக் கூரை ஒழுகிப் பலகைகள் நனைந்ததும், பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னியம்மாள் மியூசியத்துக்குள் ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

உள்ளே பீரங்கி, குண்டு, வாள், பல்லக்கு. காவல்காரர் கோவர்த்தனன் எங்கள் ஈரக்கால்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பொன்னியம்மாள் எதையும் பார்க்கவில்லை. மூலையில் ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு கல் அம்மனிடம் நேராகப் போனாள்.

"அம்மா! இக்கட பூஜை லேது! கற்பூரம் கொளுத்தினா என் வேலை பூடும்."

"கற்பூரம் நனைஞ்சிபோச்சி. பூ மட்டுந்தான்."

"இது யாருன்னே தெரியாதும்மா. ஏரி வெட்டறப்ப கெடச்சிது."

"பேர் தெரியலன்னா பொய் சொல்லுவாளா?"

பொன்னியம்மாள் பூக்களை வைத்தாள். நாங்கள் கைகூப்பி நின்றோம்.

பூ விழவில்லை. நனைந்த பூ, ஓடு ஒழுகி நனைந்த கல், இரண்டும் ஒட்டிக்கொண்டன. மின்னல் வெட்டியது, ஓடு பறந்தது, ஜன்னல் கதவு ஒன்று கழன்று உள்ளேயே விழுந்தது. கோவர்த்தனனின் தொப்பி பல்லக்கின்மேல் ஏறிக்கொண்டது. பூக்கள் மட்டும் அசையவில்லை.

"நான் வெள்ளை கட்சி," என்றார் கோவர்த்தனன். எங்கள் கதையை அதற்குள் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

சிட்டிபாபு மாமா சிலையைப் பார்க்கிறவர்போல நெருங்கினார். "இன்னா வேலைப்பாடு, இன்னா நகை!" என்று இடது தோளருகே குனிந்தார். சிவப்புப் பூவின் ஓர் இதழ் படபடத்தது. என் விக்கல் நின்றுபோனது.

"மாமா!" என்றாள் தாட்சாயணி. "ஊதிக்கினு கீற."

"யாரு, நானா? எனக்கு மூச்சு எரப்பு கீதும்மா."

"எரப்புக்கு அந்தப் பக்கமா திரும்பி நின்னு மூச்சு வுடு."

அவர் திரும்பவில்லை. கன்னம் உப்பியது. தாட்சாயணி விறுவிறுவென்று போனாள், வலது தோளிலிருந்த வெள்ளைப் பூவை ஒரே விரலால் தள்ளினாள். அது தரையில் விழுந்தது.

"வுழுந்துட்சி," என்றாள்.

"தள்ளினியேடீ, பாவி!"

"அவரு ஊதலாம், நான் தள்ளக்கூடாதா? எனுக்குத்தானம்மா கேக்கற பூ? நான் கேட்டேன், எனுக்கு வுழுந்துட்சி. கங்கையா ஆந்திராவுக்குப் போனாலும் சரி, லங்காவுக்குப் போனாலும் சரி."

எனக்கு ஓடிப்போய்ப் பீரங்கியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பொன்னியம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு அம்மனை, மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கை ரெண்டும் ஒடஞ்சி நிக்கறா, பாவம்," என்றாள். "அவ வேற யார் கையாலதான் தள்ளுவா?"

குனிந்து வெள்ளைப் பூவை எடுத்தாள். முந்தானையில் துடைத்து மகள் பின்னலில் செருகினாள். கோவர்த்தனன் கைதட்டியே விட்டார். அப்புறம் இடது தோளைக் காட்டி, "அப்போ இந்தச் செவப்பு?" என்றார்.

"அத எடுத்துக்கினு போய்த் திருவாலங்காட்டுல சேதி சொல்லணும். தட்டு வராம தடுக்கணுமே," என்றாள் பொன்னியம்மாள்.

நாங்கள் எல்லோரும் சிட்டிபாபு மாமாவையே பார்த்தோம்.

"இந்த மழையிலயா அக்கா?" என்றார் அவர்.