அழுதால் அவள், அடித்தால் அவர்

பேய்களை அடித்துத் துவைக்கும் அந்த டிவி தொடரின் நாயகிக்கு நான்கு வருடமாக இரண்டு தொண்டைகள். பகலில் அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும்போதும், காதலன் முன்னால் நாணிக் கோணும்போதும், அழும்போதும் டப்பிங்காரியின் குரல். பேயைக் கண்டு கண் சிவந்ததும், 'சிங்கம்' என்று ஸ்டூடியோவே கூப்பிடும் ஒரு பெரியவரின் உறுமல். ஒரே வாயில் இரண்டு பேர் குடியிருக்கலாமா என்று யாராவது கேட்டால் டைரக்டரிடம் விளக்கம் தயார்.

"அவ பாதி ஆம்பளை, பாதி பொம்பளை. கண்ணீர் பெண்மை, கோபம் ஆண்மை. புரியுதா?"

புரியாமல் என்ன? டப்பிங்காரிக்கு அங்கே வைத்த பெயரே 'அழுகாச்சி'. விம்மல், விசும்பல், தேம்பல் என்று அழுகையில் அவள் தொடாத ரகம் கிடையாது. ஆனால் ஆசையெல்லாம் அந்த உறுமல் மேல்தான். ஒரு முறையாவது நாயகியை முழுசாகப் பேசிவிட வேண்டும். நாயகிக்குக் கோபம் வரும் நேரம் பார்த்து மைக்கை விட்டு நகரச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அன்றைக்கு ஒரு காட்சி வாய்த்தது. பேயின் பிடியில் சிக்கிய அம்மாவைப் பார்த்து நாயகி விம்முகிறாள். அந்த விம்மலே மூச்சு விடாமல் உறுமலாகிறது. கேமரா முகத்தை விட்டு நகரவில்லை. இரண்டு குரலை ஒட்டுப்போட இடமே இல்லை. சிங்கம் இன்னும் வந்து சேரவில்லை, டைரக்டர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்.

"முழுசா நானே பேசிப் பார்க்கட்டுமாண்ணா?"

"பேசும்மா, யாரு பார்க்கப் போறா?" என்று சவுண்ட் இன்ஜினியர் பட்டனை அழுத்தினார்.

விம்மினாள். அப்புறம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. நான்கு வருட எரிச்சல் மொத்தமும் சேர்ந்து வந்தது. கண்ணாடிக்கு அப்பால் இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

டைரக்டர் திரும்பி வந்து, பதிவானதைக் கண்ணை மூடிக் கேட்டார். முகமெல்லாம் பல்.

"அடடா! என்ன இருந்தாலும் ஆம்பளை ஆம்பளைதான்யா! பொம்பளைக்கு வருமா இது?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு சிங்கம் உள்ளே வந்தார். "மன்னிச்சுக்குங்க சார், பஸ் லேட்டு. உறுமல் எந்த சீன்ல?"

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. உறுமியது யார் என்று தெரிந்துகொண்டு மறுபடியும் கேட்டார். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. கண் திறந்ததும் காது கெட்டுவிட்டது போலும்.

"கொஞ்சம் மெலிசா இருக்கே. பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கேட்குது. சிங்கம், நீங்களே பேசிடுங்க. சாயங்காலம் ஒளிபரப்பாகணும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிஜ அழுகை. இதற்கும் பெண்மை என்று பாராட்டு வாங்க வேண்டியிருக்குமே என்று விழுங்கிக்கொண்டாள்.

சிங்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். உறுமல் கை மாறினால் இந்தத் தொடரில் அவருக்கு வேலையே இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேட்டு முடித்து ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றி வைத்தார்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு சார்" என்றார், கணீரென்று.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தன் வெந்நீர் ஃபிளாஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வேறு வழியில்லாமல் டைரக்டர் இறங்கி வந்தார். "சரிம்மா, இனிமே எல்லாத்தையும் நீயே பேசு. ஆனா ஒண்ணு, ரொம்ப ஆம்பளைத்தனமா இருக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து கொஞ்சம் நளினமா உறுமு."

ஐந்து நிமிடம் முன்னால் மெலிசாக இருந்த அதே உறுமல்தான்.

"நளினமா எப்படிக் கத்துறதுன்னு நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்" என்றாள் அவள். "பார்த்துக் கத்துக்கறேன்."

டைரக்டர் மைக்கைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். இன்ஜினியர் எதற்கும் இருக்கட்டும் என்று பதிவு விளக்கைப் போட்டு வைத்திருந்தார்.

"அடுத்த சீன் போடுங்கய்யா" என்றார் டைரக்டர். அதை மட்டும் வெகு நளினமாகச் சொன்னார்.