இரண்டாவது மார்க்

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘எப்படி டீச்சர்’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எந்தப் பட்டப்பெயர் உரியவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்கிறது? எட்டியது. உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெயர் வந்த கதை இதுதான். அங்கே மாதம் ஒருமுறை பொது அறிவுத் தேர்வு உண்டு. மற்ற ஆசிரியர்கள் கடையில் விற்கும் கைடைப் புரட்டி, எந்த நாட்டுக்கு எது தலைநகர், எந்த ஆறு நீளம், எந்த மலை உயரம் என்று கேட்டுத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். டீச்சருக்கு அந்த கைடைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவருடைய கேள்விகள் அடுப்படியிலிருந்தும் தெருவிலிருந்தும் தபால் ஆபீஸ் வரிசையிலிருந்தும் வரும். கேஸ் வாசனை வந்தால் எதைத் தொடக் கூடாது? மாத்திரை அட்டையில் எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்? ஈரக் கையோடு எதைச் செய்யக் கூடாது? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மார்க். பதிலுக்கு ஒன்று. பிள்ளை பதில் சொன்னதும் டீச்சர் கண்ணை இடுக்கிக்கொண்டு, “எப்படித் தெரியும்?” என்பார். பார்த்தேன், செய்தேன், பட்டுத் தெரிந்துகொண்டேன் என்றால் இரண்டாவது மார்க். “புத்தகத்துல படிச்சேன்” என்றால் கிடையாது.

கூத்தெல்லாம் இந்த இரண்டாவது மார்க்கில்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டால் என்ன ஆபத்து என்று ஒருமுறை கேட்டார். ஒரு பையன் சரியாகச் சொன்னான். எப்படித் தெரியும்?

“நேத்து எங்கப்பா பொங்க விட்டுட்டார் டீச்சர். அதுக்கு எங்கம்மா சொன்னதையெல்லாம் இங்க சொல்ல முடியாது.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இப்படி ஊரில் உள்ள வீட்டுச் சமாச்சாரமெல்லாம் அந்த வகுப்பில் வந்து கொட்டும். கூப்பிடாமலே போய் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற வேலை இது என்று அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களுக்கு இதெல்லாம் லேசில் உறைக்காது.

இரண்டாவது மார்க்கை அள்ளிக்கொண்டு போகிறவள் குருவி. ஆறாம் வகுப்பு. உருவம் அப்படி என்பதால் அந்தப் பெயர். டயர் கடைக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. குருவிக்கு அம்மா மட்டும்தான், அம்மாவுக்குக் குருவி மட்டும்தான். அடுப்பு மூட்டுவது, துணி காயப்போடுவது, பியூஸ் போனால் கீழ்வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டி வருவது எல்லாம் அந்தப் பொடிசுக்கு அத்துப்படி.

அம்மாவைப் பள்ளிக்கூடமே ‘வேன் அக்கா’ என்று கூப்பிடும். பள்ளி வேனை ஓட்டுகிறவள். டீச்சர் வீடும் அந்த வழியில்தான் என்பதால், காலையும் மாலையும் டிரைவருக்குப் பக்கத்து சீட் டீச்சருக்கு. விலைவாசி, முட்டிவலி, ஹெட்மாஸ்டரின் கஞ்சத்தனம் என்று இரண்டு பேரும் பேசாத பேச்சில்லை. குருவி எப்போதும் அம்மாவின் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள். அந்த இடத்துக்காக எட்டாம் வகுப்புப் பையன்களோடுகூட மல்லுக்கு நிற்பாள். “அம்மா முந்தானையை விட்டு இறங்க மாட்டா போல” என்று டீச்சர் கேலி செய்வார். குருவி சிரிப்பாள், நகர மாட்டாள்.

ஆண்டு இறுதிப் போட்டி பெரிய ஹாலில் நடந்தது. பெற்றோர் நிரம்பி வழிந்தார்கள். ஜெயித்தவருக்குக் கோப்பையோடு அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கடைசியில் மேடையில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவன், மற்ற ஆசிரியர்களின் தலைநகர், ஆறு, மலைக் கேள்விகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தே மேலே வந்த அகராதி. அது பிள்ளைகள் வைத்த பெயர். இன்னொருத்தி குருவி. அகராதி தன் கேள்விகளை முடித்துவிட்டான். குருவிக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதில் இரண்டு மார்க்கும் வாங்கினால் கோப்பை அவளுக்கு, ஒன்றோடு நின்றால் அகராதிக்கு.

டீச்சர் மைக்கில் கேட்டார்:

“உன் பக்கத்துல இருக்கிற ஒருத்தர் திடீர்னு நினைவு தப்பி விழுந்துட்டார். நீ என்ன செய்வே?”

குருவி யோசிக்கவே இல்லை.

“விழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும் டீச்சர். பேச்சு நின்னுடும், கண்ணு ஒரே இடத்துல நிக்கும். அப்பவே பக்கத்துல போயிடணும். விழுந்தா தலைக்கும் தரைக்கும் நடுவுல நம்ம கையை வெச்சுடணும். தலையணை தேடப் போனா லேட் ஆயிடும். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும், அதைப் பிடிக்கக் கூடாது. வாயில எதையும் வைக்கக் கூடாது. நாற்காலியெல்லாம் தள்ளிட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். அப்புறம் கடிகாரத்தைப் பார்க்கணும். பெரிய முள்ளு ஒரு நம்பர்லேர்ந்து அடுத்த நம்பருக்குப் போயும் நிக்கலேன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். நின்னுடுச்சுன்னா லைட்டை அணைச்சுட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும். எழுந்ததும் ‘என்ன ஆச்சு’ன்னு கேப்பாங்க. ‘ஒண்ணும் ஆகல’ன்னு சொல்லிடணும்.”

ஹாலே கை தட்டியது. ‘இந்த வயசுல இவ்வளவு தெளிவா!’ என்று முன் வரிசையில் யாரோ வாய்விட்டே சொன்னார்கள். டீச்சரின் வாய், பழக்கதோஷம், தானாகவே திறந்துவிட்டது.

“எப்படித் தெரியும்?”

கேட்ட மாத்திரத்தில் அவருக்குச் சுரீர் என்றது. ஆனால் மைக்கில் போன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? குருவி பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை எல்லார் தலைக்கும் மேலே கடைசிச் சுவர் வரைக்கும் போனது. அங்கே கதவோரம் வேன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

குருவி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

“புத்தகத்துல படிச்சேன் டீச்சர்.”

‘அடடா’ என்று ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு. பக்கத்தில் இருந்த ஹெட்மாஸ்டர் குனிந்து, “பாவம் டீச்சர், அந்த மார்க்கையும் போட்டு விட்டுடுங்களேன்” என்றார்.

“வேண்டாம் சார்” என்றார் டீச்சர்.

கல்நெஞ்சுக்காரி என்று அந்த மனுஷன் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அந்த மார்க்கைப் போட்டால் ஏன் போட்டோம் என்று ஹாலுக்கே சொல்ல வேண்டிவரும். எந்தப் புத்தகத்திலும் ‘ஒண்ணும் ஆகல’ என்று சொல்லச் சொல்லி எழுதியிருக்காது. கோப்பை அகராதி கைக்குப் போனது. குருவி பலமாகக் கை தட்டினாள். டீச்சர் மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது கதவோரத்தில் வேன் அக்கா இல்லை.

கூட்டம் கலைந்தது. பெற்றோர் வராத பிள்ளைகள் வழக்கம்போல் வேனில் ஏறி இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேன் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தன் இடத்தில் குருவி. டீச்சர் தன் சீட்டில் ஏறவில்லை. சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவோரம் நின்றார்.

“கடைசியா எப்ப வந்தது?” என்றார், தாழ்ந்த குரலில்.

“என்னது டீச்சர்?”

“என்கிட்ட மழுப்பாதேம்மா.”

வேன் அக்கா, “மாத்திரை சாப்பிடறேன் டீச்சர். இப்பல்லாம் வர்றதே இல்ல” என்றாள்.

டீச்சர் குருவியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. பெற்றவளுக்கு எதிராக ஒரு குழந்தையைச் சாட்சிக்கு இழுக்கிறோம் என்று தெரிந்துதான் இழுத்தார். உள்ளே அத்தனை பிள்ளைகள் இருக்கும்போது அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“நீ சொல்லும்மா. அம்மா சொல்றது நிஜமா?”

“நிஜந்தான் டீச்சர்” என்றாள் குருவி. கண் இமைக்கவில்லை. பிசிறில்லாமல் வந்தது அந்தப் பொய்.

அதைக் கேட்டு வேன் அக்காவின் முகம்தான் கோணிப்போனது. மகள் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லக் கற்றிருக்கிறாளே என்று பெற்ற வயிறு எரிந்ததோ என்னவோ, சட்டென்று உடைந்துவிட்டாள்.

“போன வாரம் வந்துச்சு டீச்சர். வீட்டுல, தூக்கத்துல. எப்பவும் தூக்கத்துலதான் வரும். வண்டியில ஒரு தடவைகூட வந்ததில்ல. இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன், ஒரே ஒரு தடவைகூட வந்ததில்ல! வந்திருந்தா நான் இந்த ஸ்டியரிங்கைத் தொடுவேனா? எல்லாம் என் புள்ளைங்க மாதிரி டீச்சர்.”

அது பொய்யில்லை. அந்தக் குரலைக் கேட்ட யாருக்கும் அது தெரியும். டீச்சருக்கே மனசு இளகிற்று. இந்த ஒரு ட்ரிப் போகட்டும், மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“வந்துச்சும்மா” என்றாள் குருவி.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“மழை பெஞ்ச அன்னிக்கு. சிக்னல்ல. பச்சை விழுந்துடுச்சு, நீ போகல. கண்ணு ஒரே இடத்துல நின்னுச்சு. நான் உன் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க.” குருவி சொல்லும்போதே அழ ஆரம்பித்திருந்தாள். “அப்புறம் நீ என்ன ஆச்சுன்னு கேட்டே. நான் ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டேன். உனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதேம்மா.”

டீச்சருக்கு அந்த மழை நாள் நினைவிருந்தது. அன்றும் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். “என்னம்மா, வண்டியை நிறுத்திட்டு வீடு கட்டறியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டது அவர்தான். கண்ணால் பார், காதால் கேள் என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றையும் பார்க்கவில்லை. தினமும் காலையும் மாலையும் அந்த வேனைக் காவல் காத்தது பின் சீட்டிலிருந்த இந்தப் பொடிசுதான்.

வேன் அக்கா பின்னால் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு சாவியை உருவி டீச்சர் கையில் வைத்தாள். இறங்கி, மதில் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“வண்டி ரிப்பேர், எல்லாரும் இறங்குங்க” என்றார் டீச்சர். பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, கடைசிப் பிள்ளையை ஒப்படைக்கும்வரை அவர் நின்றார்.

மறுநாள் காலை வேன் அக்காவே ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்துவிட்டாள். டீச்சரும் அவள்கூட நின்றார். ஹெட்மாஸ்டர் முதலில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார், பிறகு கருணை பற்றி நீளமாகப் பேசினார், அப்புறம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். டீச்சர் விடவில்லை. இவளை அனுப்பினால் நானும் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று, நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலையை வாங்கிக் கொடுத்தார். வேன் ஓட்டி வாங்கியதில் பாதிகூடத் தேறாது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் தானே கூட்டிப் போனார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். வரும் வழியில் வேன் அக்கா, “நீங்க செஞ்சது சரிதான் டீச்சர்” என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையில் பழைய பேச்சு இல்லை.

செய்தது சரி என்பதில் டீச்சருக்குச் சந்தேகமில்லை. அப்படி இருந்தும் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதத் தேர்வு வந்தது. கேள்விகள் ஒவ்வொரு பெஞ்சாகச் சுற்றிக் குருவியிடம் வந்தன. வெள்ளைத் துணியில் மை கொட்டினால் என்ன செய்ய வேண்டும்?

குருவி எழுந்தாள். “தெரியாது டீச்சர்.”

வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டா? டீச்சர் வேறு கேள்விக்குத் தாவினார். கத்தரிக்கோலைக் கையில் கொடுக்கும்போது எந்தப் பக்கமாக நீட்ட வேண்டும்?

“தெரியாது டீச்சர்.”

திமிரில்லை, கோபமில்லை. அடக்கமாகவே சொன்னாள். எப்படியாவது அந்த வாயிலிருந்து ஒரு பதிலை வாங்கிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது டீச்சருக்கு. ஒன்றாம் வகுப்புக் கேள்விக்கு இறங்கினார்.

“ஒரு வாரத்துக்கு எத்தனை நாளும்மா?”

குருவி அவரை நேராகப் பார்த்தாள்.

“தெரியாது டீச்சர்” என்றாள்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.