இரண்டு டாக்டர்கள், ஒரே வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அவருக்குக் ‘கேள்விக்குறி’ என்று பட்டப்பெயர். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று யார் எழுதிக் கொடுத்தாலும், பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடாமல் அவர் கை நகராது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அந்தப் பாழாய்ப்போன சட்டத்தை மனுஷர் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்.

அந்த வாரம் அவர் மேஜையில் கிடந்த சொல் ‘ரிஸ்க்’. மாலுமிகள் பயந்த கடற்பாறையின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. ஆண்டவன் படியளப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி.

“ஒண்ணு ஆளைக் கொல்லுது, இன்னொண்ணு சோறு போடுது. ரெண்டுல எதை நம்புறது?” என்று உதவியாசிரியையிடம் எரிந்து விழுந்தார்.

“யாருக்கும் நிச்சயமாத் தெரியலைன்னே போட்டுடலாமே சார்” என்றாள் அவள். அதற்கும் முறைத்தார்.

எரிச்சல் சொல்லின் மேல் அல்ல. மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. மறுநாள் காலை ஆபரேஷன். “நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்” என்று அவள் சொல்லிவிட்டாள். இவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை இன்னும் வந்தபாடில்லை.

“குழாய்க்கு வாஷர் மாத்துற மாதிரிதான் சார். பெருசா ரிஸ்க் இல்ல” என்று முதல் டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் அவளைத் தனியாகப் பரிசோதித்திருந்த வேறு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை அன்று மதியம் போய்ப் பார்த்தார். அவரும் இவர் முகத்தைப் பார்க்காமல், “குழாய்க்கு வாஷர் மாத்துற மாதிரிதான் சார். பெருசா ரிஸ்க் இல்ல” என்றார்.

கேள்விக்குறிக்குப் பொறி தட்டியது. இரண்டு பேரும் ஒரே கல்லூரியா, உறவா, கமிஷனா? சுவரில் தொங்கிய பட்டங்களைத் துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். “ரெண்டும் கூட்டுக் களவாணிங்க! ரெண்டு புத்தகத்துல வார்த்தை பிசகாம ஒரே வரி இருந்தா, ஒருத்தன் இன்னொருத்தனைக் காப்பியடிச்சிருக்கணும். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் மூலம் ஒண்ணா இருக்கணும்.”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வீட்டில் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவது அவள்தான். அவருக்கு வாஷர் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

“மூலம் நான்தாங்க” என்றாள். “உங்ககிட்ட இவ்வளவுதான் சொல்லணும்னு ரெண்டு பேர்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.”

“நிஜமா என்ன சொன்னாங்க?”

“பண்ணா, பொழைக்கறது பாதிக்குப் பாதி. பண்ணலைன்னா இந்த வருஷம் தாண்டாது.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஏன்டி என்கிட்ட மறைச்சே?”

“சொல்லியிருந்தா மூணாவது டாக்டர், நாலாவது டாக்டர்னு போய்க்கிட்டே இருப்பீங்க. எனக்கு அவ்வளவு நாள் இல்லைங்க.”

டாக்டர்களையெல்லாம் சந்தேகித்தவர், தினமும் பக்கத்தில் படுத்திருந்தவளின் பயத்தை மட்டும் பார்க்கவில்லை. அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“தனியாவா பயந்துக்கிட்டு இருந்தே?”

“பயமா இருக்குன்னு சொன்னா, அதுக்கும் ரெண்டு சாட்சி கேப்பீங்களே” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. அவள் காத்திருந்தாள்.

“சரி” என்றார்.