நீர்நாய்க் குட்டியின் அழுகை

பள்ளிக்கூடம் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதை தெரியும். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் நீர்நாய்க் குட்டிக்கு ஒரு கிழட்டு நீர்நாய் நீந்தக் கற்றுக்கொடுக்கும். கெஞ்சிப் பார்க்கும், மிரட்டிப் பார்க்கும், கடைசியில் ஆற்றுக்குள் பிடித்துத் தள்ளிவிடும். குட்டி வீறிட்டு அழும், பிறகு நீந்தும். குரு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கண்கலங்குவார்கள். தள்ளிவிட்டதற்கே இவ்வளவு மரியாதை என்றால் என் மாமியாருக்குச் சிலையே வைக்கலாம்.

அவர் ஒலிக்கதைகளுக்குக் குரல் கொடுப்பவர். அந்தக் கதையை எத்தனை முறை புதிதாக ஒலிப்பதிவு செய்தாலும் கிழம் அவர்தான். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து குட்டி நான். இருவரும் ஒரே மைக்கின் முன் ஒட்டி நிற்போம். தள்ளிவிடும் இடம் வந்ததும் அவர் கை என் முழங்கைக்குப் பின்னால் போகும். நகம் பதியக் கிள்ளுவார். நான் அலறுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கட்டைவிரலை உயர்த்துவார். மோதிரக் கையால் குட்டுப்பட்டவள் என்று என்னைப் பாராட்டாதவர் இல்லை. கன்றிப்போன இடத்தை ஒருமுறை கணவரிடம் காட்டினேன்.

"அம்மா உனக்குத் தொழில் கத்துக்கொடுக்கறாங்க" என்றார். அம்மா பிள்ளை, வேறென்ன சொல்வார்.

இந்த முறை இயக்குநர் வேடத்தை மாற்றிவிட்டார். நீள வசனத்தில் அத்தைக்கு மூச்சு வாங்குகிறதாம். கிழம் நான், குட்டி அவர்.

"வயசானவங்களுக்குக் குழந்தைக் குரல் அருமையா வரும்மா" என்று அத்தையிடம் நயமாகத்தான் சொன்னார். அன்று வீட்டில் அத்தை பேசவில்லை, அவர் கையிலிருந்த பாத்திரங்கள் பேசின. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். தவளை, கொக்கு, அழுகிற குட்டி என்றே என் காலம் போய்விட்டது. ஒரு கதையிலாவது பெரிய வேடம் வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பதிவு அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். புழுக்கம். என் வசனங்கள் தடங்கலில்லாமல் வந்தன. தள்ளிவிடும் இடத்தில் அத்தை அழுதார். பல்வலிக்காரர் முனகுவதுபோல இருந்தது. மறுபடி எடுத்தோம், மறுபடியும் அதே முனகல். ஊரையே அழவைக்கிற குரல் அது. அன்று வேண்டுமென்றே மக்கர் பண்ணியது.

இயக்குநரின் குரல் ஹெட்போனில் கேட்டது. "குட்டியை அழவைக்கிறது பெரிய நீர்நாயோட பொறுப்பு. நீங்க பயமுறுத்தினாதானே அவங்களுக்கு அழுகை வரும்? இன்னொரு தடவை பாக்கறேன். வரலைன்னா பழையபடி மாத்திடுவேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அத்தை மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "முழங்கை இங்கதான் இருக்கு. கிள்ளு."

சிவப்பு விளக்கு எரிந்தது. "தண்ணி உன்னைத் தின்னுடாது. இறங்கு" என்றேன். கிள்ளினேன். இத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் இரண்டு விரலில் சேர்த்துத் திருகினேன். அவர் கண்ணில் நீர் முட்டியது. வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

"குட்டி தூங்கிடுச்சா?" என்றார் இயக்குநர். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, மூச்சு வாங்கினா வாங்கட்டும். நாளைக்கு அம்மாவே பெரிய நீர்நாயைப் பண்ணட்டும்."

வெளியே குழாயடியில் அத்தை கைக்குட்டையை நனைத்து முழங்கையில் ஒற்றிக்கொண்டிருந்தார். தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை.

"வலிச்சா கத்தறதுக்குத்தான் உன்னைப் பழக்கினேன்" என்றார். "வலிக்கறப்போ வாயை மூடிக்கிட்டு நிக்கறதுலதான்டி மொத்தத் தொழிலும் இருக்கு. அத உனக்கு நான் கத்துக்கொடுக்கலை. கொடுக்கவும் மாட்டேன்."

அத்தைக்கு ஜெயித்த மிதப்பு. என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. வீடுவரை அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

மறுநாள் காலை பழையபடி நின்றோம். நேற்றைய காயத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரமாதமாகப் பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தள்ளிவிடும் இடம் வந்தது. அவர் கை என் முழங்கைக்குப் பின்னால் போனது. நகம் இறங்கியது.

நான் எதிரே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. பிறகு திருகியது. அத்தை திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"பெரிய நீர்நாய், என்னம்மா ஆச்சு?" என்றார் இயக்குநர்.